கண்காட்சிக் கட்டிடத்தில் சோதினை

எழுபதுகளில் மெல்பேர்ன் டிராமுக்குள் தமிழ் கேட்பது அபூர்வம். அன்று எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டாள்:

"கண்காட்சிக்குப் போறதுக்கு ஏனப்பா உங்கட கை நடுங்குது?"

"பகிடி விடாதையும். கண்காட்சிக் கட்டிடத்திலதான் சோதினை எழுதோணும். இந்த முறையும் தவறினால் இந்த நாட்டில நான் டொக்டர் இல்லை."

யன்னலில் அந்தப் பெரிய குவிமாடம் தெரிந்தது.

"அரமனை மாதிரியெல்லோ இருக்கு. எந்த ராசா இருந்தவர்?"

"ஒரு ராசாவும் இருக்கேல்லை. ஊர் உலகத்துச் சாமானெல்லாம் காட்டுறதுக்கு வெள்ளைக்காரன் கட்டினது. பிறகு அதில பார்லிமெண்ட் கூடினது. விஷக்காய்ச்சல் பரவேக்க ஆஸ்பத்திரியாக்கினவை."

"ஆஸ்பத்திரியோ?"

"ஓம். உள்ளுக்கு வரிசையாக் கட்டில் போட்டவையாம்."

"அப்ப பிறகென்ன? ஆஸ்பத்திரிக்குள்ள போக உங்களுக்குப் பயமோ? ஊரில ஒவ்வொரு நாளும் போனனீங்கள்தானே."

அவர் சிரித்துவிட்டார். டிராம் நின்றதும், "போட்டு வாறன்" என்று எழுந்து படியருகே போனார்.

"டொக்டர்! குடையை விட்டிட்டுப் போறியள்!"

அவள் போட்ட சத்தத்தில் டிராமே திரும்பிப் பார்த்தது. அவர் வெட்கத்தோடு வந்து குடையை வாங்கிக்கொண்டார். கை நடுங்கவில்லை.