எலி வாலில் போட்ட ஊசி

கலையரசன்: ...நீ சாப்ட்டியான்னு நான் கேக்கல. உன் லேப் எலிங்க சாப்ட்டுச்சான்னு கேட்டேன்.

மணிமொழி: போங்க! பெங்களூர்ல பொண்டாட்டினு ஒருத்தி இருக்கறதே மறந்துடுச்சா?

கலையரசன்: மறந்தா தினம் சாயங்காலம் போன் போடுவேனா? சொல்லு, எக்ஸ்ரே வந்துச்சா?

மணிமொழி: வந்துச்சுங்க. ஊசி போட்ட எலிக்கெல்லாம் வால் எலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க்கு அப்படியே நிக்குது. போடாத எலிக்குத் தேஞ்சு போச்சு.

கலையரசன்: அடி சக்கை! அந்தப் பொடி... நேனோ...

மணிமொழி: நேனோ துகள். இரும்புல துரு ஏறுற மாதிரி டிஸ்க்கு உள்ள செல்லுங்க கெட்டுப் போவுது. இது உள்ள போயி அதைத் தடுக்குது. அவ்ளோதான்.

கலையரசன்: அவ்ளோதானா! அதுக்கா மூணு வருஷமா என்னை வேங்கிக்கால்ல தனியா விட்டு வச்சிருக்க?

மணிமொழி: ...இடுப்பு எப்படி இருக்கு?

கலையரசன்: ஜோரா இருக்கு. நேத்துகூட கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டினேன்.

மணிமொழி: பொய். வேன உங்க தம்பி கோபிதான் ஓட்டறான். நீங்க செவுத்தப் புடிச்சுதான் எழுந்திருக்கறீங்களாம். பக்கத்து வூட்டு வள்ளியக்கா சொன்னாங்க.

கலையரசன்: அது... காலையில மட்டும். சரி, எனக்கு எப்போ அந்த ஊசி? போட்டுக்கினு பௌர்ணமிக்கு ரெண்டு பேரும் மலை சுத்தணும். நீ முன்னாடி ஓடிடாம...

மணிமொழி: ஏங்க... இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க. அடுத்து ஆட்டுக்குப் போட்டுப் பாக்கணுமாம்.

கலையரசன்: ...இரு.

மணிமொழி: எப்படிங்க இவ்ளோ சுலபமா சொல்றீங்க?

கலையரசன்: ஊசி வரணும்ல?

மணிமொழி: ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. இது தேயறதத்தான் தடுக்கும். தேஞ்சு போனதத் திருப்பித் தராது. இங்க வந்த முதல் மாசமே உங்க இடுப்பு ஸ்கேன எங்க பெரிய டாக்டர்கிட்ட காட்டினேன். கோபி மாதிரி இன்னும் தேயாத ஆளுங்களுக்கு ஒருநாள் உதவும். உங்களுக்கு... உதவாதுங்க.

கலையரசன்: அழாத.

மணிமொழி: எப்போ எப்போனு நீங்க தினம் கேக்கும்போதெல்லாம் எனக்கு...

கலையரசன்: எனக்குத் தெரியும் மணி. இனிமே எந்த ஊசி போட்டாலும் தேஞ்சது திரும்பாதுனு நம்ம ஊரு டாக்டர் நீ கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. உன்கிட்ட சொல்லியிருந்தா நீ போயே இருக்க மாட்ட. அப்பறம்... இதப் பத்திக் கேட்டா நீ இன்னும் பத்து நிமிஷம் ஜாஸ்தி பேசுவ. அதுக்குத்தான் கேட்டுக்கினே இருந்தேன்.