ஹெர்த்தாவின் சோபாவில் நாலு மாசம்

ஹெர்த்தா: அந்தக் கண்ணாடி முன்னாடி உக்காராதடி. குண்டு விழுந்ததுல கீறிப்போச்சு. மூஞ்சி ரெண்டா தெரியும்.

எடித்: தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. இது என்ன, பவுடரா? உருளைக்கிழங்கு வாசம் அடிக்குது.

ஹெர்த்தா: உருளைக்கிழங்கு மாவுதான். பெர்லின்ல இப்பப் பவுடர் எங்க கெடைக்குது? மூணு மணிக்கு ஆட்டம். அஞ்சு மணிக்குக் கரண்ட் போயிடும். அதுக்குள்ள நான் செத்தாகணும்.

எடித்: இன்னும் அதே ராணி வேஷமா?

ஹெர்த்தா: அதேதான்.

எடித்: என் வேஷம்.

ஹெர்த்தா: எடித்...

எடித்: சும்மா சொன்னேன். முப்பத்தி மூணுல யூதருங்க யாரும் மேடையேறக் கூடாதுன்னு சொன்னது நீயா? நான் வெளிய போனேன், எடம் காலியாச்சு. யாரா இருந்தாலும்...

ஹெர்த்தா: யாரா இருந்தாலும் ஏறி நின்னுருப்பாங்க. அதத்தான் நானும்...

எடித்: அப்புறம் பதினோரு சினிமா.

ஹெர்த்தா: எண்ணி வெச்சிருக்கியா?

எடித்: நான் தப்பிச்சுப் போன ஷாங்காய்க்கும் ஜெர்மன் பத்திரிகை வரும்டி. அட்டையில நீ. நான் தெருவுல சாசேஜ் வித்தேனே, அதுலதான் சுத்திக் குடுப்பேன்.

ஹெர்த்தா: என்னையா சுத்திக் குடுத்த?

எடித்: கன்னத்துல எண்ணெ ஊறும். அப்பவும் அழகாத்தான் இருந்த.

ஹெர்த்தா: சிரிக்க வெக்காத, கண்மை கலையுது... எட்டு வருஷத்துல அங்க நடிக்கவே இல்லியா?

எடித்: நடிச்சேனே. அகதிகளோட சாப்பாட்டுக் கூடத்துல, ரெண்டு பெஞ்ச இழுத்துப் போட்டு. ஒரு தடவ முன்வரிசைல இருந்த பெரியவரு ரெண்டாவது அங்கத்துல செத்துப்போயிட்டாரு.

ஹெர்த்தா: கடவுளே! நிறுத்திட்டீங்களா?

எடித்: இல்ல. நிறுத்தினா மத்தவங்க எந்திரிச்சு எங்க போவாங்க? முடிச்சிட்டுத்தான் தூக்கினோம்... சரி, தாளக் குடு.

ஹெர்த்தா: எந்தத் தாளு?

எடித்: எதுக்குடி என்னை வரச்சொல்லிக் கடுதாசி போட்ட?

ஹெர்த்தா: அவசரமில்ல... வெள்ளிக்கிழம வரைக்கும் இருக்கு. சண்டையில ஜெயிச்சவங்க வெச்ச விசாரணைக் குழுவுல நூத்தி முப்பத்தொரு கேள்வி. பழைய ஆட்சியோட கட்சியில இருந்தியா, எந்த மந்திரி வீட்டு விருந்துல சாப்ட்ட, இப்பிடியே. யூதர் ஒருத்தர் எனக்காகச் சாட்சி சொன்னா மேடை அனுமதி தங்கும். இல்லன்னா இடிஞ்ச வீட்டுல செங்கல் பொறுக்கணும். இந்தக் கையால எத்தன நாள் பொறுக்குவேன், சொல்லு?

எடித்: படிக்கறேன். "எடித் லெவின் ஆகிய நான்... என் தாயாரை, நடிகை ஹெர்த்தா ஃபோக்ட் 1942 அக்டோபர் முதல் நான்கு மாதங்கள் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தார் என்று உறுதி கூறுகிறேன்."... நாலு மாசம்.

ஹெர்த்தா: ஆமா.

எடித்: அம்மா எங்க படுத்தா?

ஹெர்த்தா: சோபாவுல. ஜன்னல் பக்கம்.

எடித்: ஜன்னல் பக்கமா? தெருவுல போறவனுக்குத் தெரியாது?

ஹெர்த்தா: அது... திரை போட்டிருந்தேன். குண்டு விழற காலம், எல்லா வீட்டுலயும் கறுப்புத் திரைதானே.

எடித்: சரி. என்ன சாப்ட்டா?

ஹெர்த்தா: என் ரேஷன்ல பாதி. முட்டைக்கோஸ், ரொட்டி... ஒரு நாள் முயல்கறி கெடச்சுது...

எடித்: அம்மா முயல் தொடமாட்டா. எங்க மதத்துல ஆகாது.

ஹெர்த்தா: தொடல, தொடல! நான்தான் தின்னேன். அவ அந்தத் தட்டக்கூடக் கழுவ மாட்டேன்னுட்டா.

எடித்: இது அம்மா. இது சரி... என்னைப் பத்திப் பேசுவாளா?

ஹெர்த்தா: வேற என்ன பேச்சு அவளுக்கு? நான் ஆட்டம் முடிச்சு வந்ததும் ஆரம்பிச்சிடுவா.

எடித்: எப்பிடி? அவ குரல்லயே சொல்லு.

ஹெர்த்தா: "அடியே ஹெர்த்தா, நீ சாகறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கற. என் பொண்ணுன்னா ஒரே மூச்சுல செத்துடுவா."

எடித்: அந்தத் துணியக் குடு, கண்ணத் தொடச்சுக்கறேன்.

ஹெர்த்தா: என்னடி, அழறியா?

எடித்: அந்த 'அடியே'வக் கொஞ்சம் இழுப்பா. மறுபடி சொல்லு.

ஹெர்த்தா: "அடீயே... ஹெர்த்தா..."

எடித்: அதேதான். அப்பிடியே இருக்கு. பேனா குடு.

ஹெர்த்தா: மிச்சத்தையும் படிச்சிட்டுப் போடலாமே...

எடித்: பேனாவக் குடுடி... இந்தா. எடித் லெவின். நவம்பர் பதினெட்டு, நாப்பத்தி ஏழு. போட்டாச்சு. இப்பச் சொல்லு. குளிர் வந்தா அம்மாவுக்குக் கால் வீங்குமே. யாரு தேச்சு விட்டா?

ஹெர்த்தா: நான்... நான்தான். வெந்நீர் வெச்சு...

எடித்: எந்தக் கால்?

ஹெர்த்தா: போதும், எடித்.

எடித்: எந்தக் கால்னுதானே கேட்டேன்.

ஹெர்த்தா: தெரியாது! எனக்குத் தெரியாதுடி! அந்தத் தாளக் கிழிச்சுப் போடு.

எடித்: எதுக்கு?

ஹெர்த்தா: அவ என் வீட்டுல இல்ல. நாலு மாசம் இல்ல, ஒரு ராத்திரிகூட இல்ல. அந்தக் குரலு... முன்ன நம்ம ரெண்டு பேருக்கும் இதே அறைல கேக் ஊட்டுவாளே, அப்பக் கேட்டது.

எடித்: ம்.

ஹெர்த்தா: வந்தா. அக்டோபர்ல. இந்தத் தியேட்டர்ல நடிகருங்க வர்ற வாசலுக்குத்தான் வந்தா. யூதர்னு காட்டறதுக்குச் சட்டையில தச்ச நட்சத்திரத்தப் பையால மறச்சுக்கிட்டு. வாசல் காவல்காரர் மேல வந்து கேட்டாரு, "உங்களத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க, ஒரு ராத்திரி தங்க எடம் கேக்கறாங்க"ன்னு. இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். பக்கத்துல சினிமாக்காரங்க ரெண்டு பேரு நின்னுட்டு இருந்தாங்க...

எடித்: நீ என்ன சொன்ன?

ஹெர்த்தா: "அப்பிடி யாரையும் எனக்குத் தெரியாது"ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. தெரு முனையிலயே போலீஸ்காரங்க அவளப் பிடிச்சிட்டாங்களாம். அந்த வாரமே கிழக்க முகாமுக்குப் போற ரயில்ல... என்னத் திட்டு. அடி. ஏதாச்சும் பண்ணு, எடித்!

எடித்: இதெல்லாம் எனக்குத் தெரியும். இப்ப உள்ள வர்றப்ப வாசல்ல அதே காவல்காரக் கிழவர்தான் இருந்தாரு. என்னை அடையாளம் கண்டு, கையப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அதுக்கப்புறந்தான் படியேறி வந்தேன். தெரிஞ்சுதான் கையெழுத்தும் போட்டேன். அவ கடைசியா எங்க இருந்தான்னு சொல்ல எனக்கு வேற யாரு இருக்கா? பொய்யா இருந்தாலும் உன் சோபா ஒண்ணுதான் இருக்கு. தாள எடுத்து உள்ள வை. ஆட்ட மணி அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. அம்மா வந்து தட்டறா, நீ கதவத் தொறக்கற... அங்கேருந்து சொல்லு.