தாழ இறக்கிய கார்

எங்கள் வீட்டிலிருந்து கடைவீதிக்குப் போக ஏழு வேகத்தடைகள், ஐயா. ஏழையும் நான் நடந்தே கடந்திருக்கிறேன், வீட்டில் கார் இருந்தும்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் காரின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, வெளியே வாங்கிய குட்டை ஸ்பிரிங்குகளை மாட்டினார். கார் தரையோடு தரையாகப் படுத்தது. நாலு பேர் திரும்பிப் பார்க்க அவரிடம் வேறு சரக்கு இல்லை, பாவம்.

மெக்கானிக் என் முன்னால்தான் சொன்னார்: "சார், பின் சீட்டுல ரெண்டு பேருக்கு மேல ஏத்தாதீங்க. டிக்கில பாரம் கூடவே கூடாது. டயர் உள்ள உரசி, ஓடும்போதே வெடிச்சிடும்." இவர் எதிர்க்கடைக் கண்ணாடியில் காரின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் வாங்கியது நான்.

அதன்பின் வேகத்தடை வந்தால் நான் இறங்க வேண்டும், அடிப்பாகம் இடிக்குமாம். நிறைமாதத்தில் வலி எடுத்த அன்றும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மேடு. "இறங்குடி, பத்தடிதானே" என்றார். இறங்கினேன், விழுந்தேன். குழந்தை தங்கவில்லை. அவர் முதலில் குனிந்து பார்த்தது காரின் அடியை.

ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். மாட்டுச் சாணத்தை மிதித்தால் யாராவது அதன்மேல் ஆத்திரப்படுவார்களா? கழுவிவிட்டுப் போவோம்.

போன ஞாயிறு, மலைக்குக் கீழே நாத்தனார் கட்டும் வீட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். அவள் குளியலறைக்கு வாங்கிய டைல்ஸ் பெட்டிகள் எட்டையும் டிக்கியில் அடுக்கிப் போர்வையால் மூடினேன். அரிசி மூட்டை போன்ற அவருடைய கூட்டாளிகள் மூவரையும் நானே போன் செய்து வரவழைத்தேன். எல்லாரும் ஏறியதும் கார் இன்னும் தாழ்ந்தது. கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ பூரித்துப்போனார். "இன்னிக்கு எப்படி உக்காந்திருக்கு பாரு, ராஜா மாதிரி!"

மலையிலிருந்து இறங்கும் பாதையில் வேகத்தடை கிடையாது, யாரும் இறங்க வேண்டியதில்லை. தலைவலி என்று நான் தங்கிவிட்டேன். மூன்றாவது வளைவில் டயர் வெடித்ததையும், ஐவரில் ஒருவரும் மிஞ்சவில்லை என்பதையும் நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். பள்ளம் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். அதில்தானே உங்களுக்கு உறுத்தியது?

நாத்தனார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. ஆஸ்பத்திரியில் பத்து நாள் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். "இடம் பத்தாது அண்ணி, நான் பஸ்ல போறேன்" என்றுகூடச் சொன்னாள். கையைப் பிடித்துப் பின் சீட்டில் நான்தான் உட்காரவைத்தேன். அவள் ஏறாவிட்டால் பாரம் போதாதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.