ஸ்டியரிங்கை விட்ட கை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாளாக வெறுந்தரையில் படுத்ததில் இடுப்பு வலி. கம்பியில் சாய்ந்துகொண்டேன். முன் சீட்டில் ஓர் அக்காவும், கனடாவிலிருந்து ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்த அவள் தம்பியும்.

"ஸ்டியரிங்ல இருந்து ரெண்டு கையையும் எடுத்துட்டேம்க்கா. அதான் லைசென்ஸ் தரமாட்டேன்னுட்டான்," என்றான் தம்பி.

"எதுக்குலே எடுத்த?"

"வழியில ஒரு சர்ச் வந்துது. எந்தச் சாமியா இருந்தா என்னன்னு கும்பிட்டேன். பக்கத்துல இருந்த ஆபீசர் அலறிட்டான்."

"சரி, அடுத்த டெஸ்ட்ல?"

"அதுலயும் ஒரு சர்ச் வந்துது."

அக்கா வாயைப் பொத்திச் சிரித்தாள். "புதுக் காரை வாங்கி வாசல்ல நிறுத்திருக்கியே, யாருலே ஓட்டுதா?"

"கலாதான். அவ மொத டெஸ்ட்லயே பாஸாயிட்டா."

"மாசமா இருக்க பொண்டாட்டிய ஓட்டவிட்டு, நீ பக்கத்துல உக்காந்து கும்பிட்டுட்டு வாரியாக்கும்! வலி வந்தா அவளேவா ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போவா?"

"அதைத்தான் அவளும் கேக்கா. நான் கனடா போனதும் திரும்ப டெஸ்டு. அதை விட்டா, பிள்ளை பெறக்குறதுக்குள்ள வேற தேதி கெடைக்காது."

மேலகரத்தில் ரோட்டோரம் ஒரு கோயில் வந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கை கூப்பினார்கள். தம்பி தன் கைகளைத் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.

"ஏலே, சாமி கோவிச்சுக்கிடும்."

"பழகுதேன்க்கா. பிள்ளை பெறக்கட்டும், மூணு பேருமா வந்து சேத்துக் கும்பிட்டுக்கிடுதோம்."

அக்கா, கும்பிட்டு இறக்கிய கைகளை மறுபடி தூக்கி, அவனுக்காக இன்னொரு கும்பிடு போட்டாள்.