அடிக்கதவைத் திறந்தவருக்கு

கருமலையாய் வந்திறங்கும் நிலக்கரிக்குக் காவல் நின்றவரே! கந்தகத்தின் கள்ளத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடித்தவரே! சாம்பலுக்குச் சலாம் போட மறுத்த சான்றோரே! எதிரே நின்றால் 'சார்' என்றும், நீங்கள் நகர்ந்ததும் 'கல்லு சார்' என்றும் எங்களால் அழைக்கப்பட்டவரே! இந்த உருக்காலைக்கு வருகிற நிலக்கரியைப் பார்த்து ஏற்கும் அலுவலராய் இருந்து இன்று ஓய்வு பெறும் உங்களுக்கு, அடுப்புப் பிரிவும் உலைப் பிரிவும் உருளைப் பிரிவும் ஆய்வகமும் ஒன்றாய் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறோம்!

ஓய்வு பெறுகிறவரைக் குறையே இல்லாதவர் என்று புகழ்வது மடல் எழுதுகிறவர்களின் வழக்கம். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என்னிடம் இந்த வேலையைக் கொடுத்தபோது, "அதுகிட்டயா கொடுத்தீங்க? அதுக்கு வாயிலயே கந்தகம்!" என்று அடுப்புப் பிரிவு மேஸ்திரி அண்ணன் அலறினார். அலறியது சரிதான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பொய்க்குப் பாலிஷ் போட அங்கே யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

நிலக்கரி என்றால் வெறும் நெருப்பா? கொதிகலனுக்குள் நீரை ஆவியாக்கி ஆலையை ஓட வைப்பதும் அதுவே! காற்றுப் புகாத அடுப்பில் வெந்து, கல்லாய் இறுகிக் கோக்காகி, உலைக்குள் தாதுவை இரும்பாக்குவதும் அதுவே! அது விடும் வாயு மறுபடி அடுப்பை எரிக்கிறது. அது கசியும் தார் தெருவில் படுத்துக்கொள்கிறது. பேருந்தின் அச்சிலும் சமையல் கரண்டியிலும் தையல் ஊசியிலும் கண்ணில் படாமல் குடியிருக்கிறது அந்தக் கறுப்புக் கல். ஆனால் அது தனியாக வருமா? ஒருவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் தெருவையே கூட்டிக்கொண்டு வரும் சொந்தக்காரரைப் போல, சாம்பல், கந்தகம், பாஸ்பரஸ், பாறைச் சில்லு என்று பட்டாளத்தோடுதான் வரும். சாம்பல் கூடினால் அதைக் கரைக்கச் சுண்ணாம்புக்கல் கூட்ட வேண்டும். அதை உருக்கக் கோக்கைக் கூட்ட வேண்டும். கசடு பொங்கிப் பொங்கி வரும், அதை வழித்துத் தள்ளுகிறவர்களின் முதுகு ஒடியும். கந்தகம் கூடினால், சிவக்கச் சிவக்கக் காய்ந்த எஃகு, அதை நசுக்கிக் கம்பியாக்கும் உருளைக்குள் போகும்போதே பிளக்கும். வாங்குகிற இடத்தில் மலிவு, வேகிற இடத்தில் வினை!

அந்த வினையை நெடுங்காலம் உள்ளே விட்டவர் நீங்கள்தான், சார். உங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறேன், உங்களுக்கே தெரிந்ததைத்தான் சொல்கிறேன். கரி ரயில் வந்தால் பெட்டியின் மேலே ஏறி, மூன்று இடத்தில் அள்ளி, ஆய்வகத்துக்கு அனுப்புவது இங்கே வழக்கம். அந்த வழக்கம் கரி விற்கிறவருக்கும் தெரியும். அதனால் மேலே மட்டும் கழுவிய கரி, முகத்துக்குப் பவுடர் போட்டதுபோல. கீழே என்ன என்று கேட்க ஆளில்லை. மேலே இருப்பதைச் சோதித்து நாங்களும் 'நலம்' என்று எழுதினோம், நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள். பெட்டியின் அடிக்கதவைத் திறந்து, தண்டவாளத்துக்குக் கீழே உள்ள குழியில் கொட்டிக் கலந்தபின் எது எந்த வண்டிக் கரி என்று யாருக்குத் தெரியும்?

பிறகு ஒருநாள் உருளைப் பிரிவில் பழுத்த கம்பி ஒன்று பிளந்து துள்ளியது. இதோ முன்வரிசையில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருக்கும் எங்கள் தம்பியின் தோளிலிருந்து விரல் வரை வெந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழப் பையோடு போனீர்கள். தம்பி உங்களைப் பார்த்துச் சிரித்தான்: "வாங்க சார். நீங்க உள்ள விட்ட கல்லு என் கட்டில் வரைக்கும் வந்துடுச்சு பாருங்க."

 அடுத்த ரயில் வந்த அன்று பதில் சொன்னீர்கள்!

அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது! வண்டி குழிக்கு வருமுன்னே, வெறும் தண்டவாளத்தின் மேல் நிறுத்தினீர்கள். "அடிக்கதவைத் திற" என்றீர்கள். "சார், பாதை மூடிப்போகும்!" என்று கத்தினார் மேஸ்திரி அண்ணன். "மூடட்டும், திற!" கதவு திறந்தது. தடதடவென்று இறங்கியது என்ன? பலகை பலகையாய்ப் பாறை, சேறு, நடுநடுவே மஞ்சளாய் மினுக்கும் துணுக்குகள். "ஐயோ, தங்கம் சார்!" என்றான் ஒருவன். "தங்கம்னா உங்க அக்காவுக்கு மூக்குத்தி செஞ்சு போடு. இது கந்தகம்டா, இரும்போட சேர்ந்து மினுக்குது" என்றீர்கள். சிரிப்பு அடங்கியதும் அண்ணன் கேட்டார்: "சரி, இப்ப இதை யார் அள்ளுறது?" சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நான் திறந்தேன், நான் அள்ளுறேன்" என்று மண்வெட்டியை எடுத்தீர்கள். அதற்குப் பிறகும் கைகட்டி நிற்க நாங்கள் என்ன மரமா? எல்லோரும் அள்ளிப் பெட்டியிலேயே திருப்பிப் போட்டோம். ஏறிய பாரம் குறையாமல் அந்த ரயில் வந்த வழியே திரும்பிப் போனது!

அந்தக் காரியத்துக்கு நீங்கள் கொடுத்த விலையும் இந்த அரங்கத்துக்குத் தெரியட்டும். பணி நீட்டிப்பு வரும் என்று நம்பியிருந்தீர்கள். மகளின் படிப்பு முடியும் வரை ஆலைக் குடியிருப்பிலேயே இருக்கலாம் என்று உங்கள் மனைவியிடம், எங்கள் அக்காவிடம், சொல்லியும் இருந்தீர்கள். "இந்தச் சரக்கை ஏற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள், நீட்டிப்பு உங்கள் மேசைக்கு வரும்" என்றார் மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் ஐயா. நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் நீட்டிப்பும் வரவில்லை. வயது உங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, சார். ஒரு கதவு அனுப்புகிறது! நீங்கள் வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "போற இடத்துல எல்லாம் மூட்டைக்கு அடியில என்ன இருக்குன்னு கையை விட்டுப் பார்க்கிறார்மா. அரிசிக்கடைக்காரர் எங்களுக்கு விக்கவே பயப்படுறார்" என்று சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

இதற்குப் பிறகு உங்கள் நேரம் தவறாமை, நேர்மை, நிதானம் என்று வரிசையாய்ப் பத்திகள் எழுதி வைத்திருந்தேன். மத்தியானம் கிழித்துவிட்டேன். ஏனென்றால், அதே வியாபாரியின் அடுத்த ரயில் மத்தியானம் வந்து வெளிவாசலில் நிற்கிறது. உங்கள் பொறுப்பு மாலைச் சங்கு ஊதும் வரை உங்களுடையது. ஊதியபின் மேலாளர் ஐயாவுடையது. சங்குக்குப் பிறகு நடக்கவேண்டிய இந்த விழா ஏன் திடீரென்று முன்னே நகர்ந்தது? பேசவே தெரியாதவர்கள் எல்லாம் ஏன் பேச அழைக்கப்பட்டார்கள்? நீங்கள் இந்த நாற்காலியில் புகழ் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதிவிட வேண்டும் என்பதுதானே கணக்கு? மேலாளர் ஐயா கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை. உங்கள் உருளைகளுக்கு முன்னால் நிற்பது நாங்கள்.

ஆகவே வாழ்த்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம், சார்: நெஞ்சில் தூசியில்லாமல் நெடுங்காலம் மூச்சு விடுங்கள்! நல்ல பசியும் நல்ல தூக்கமும் வீடு மாறினாலும் உங்களோடு வரட்டும்! அக்காவும் மகளும் உங்களோடு சண்டை போடப் பல்லாண்டு பலத்தோடு இருக்கட்டும்! அடுத்த வீட்டுக்குச் சாமான் ஏற்ற நாங்கள் அத்தனை பேரும் வருகிறோம், கூலி கேட்க மாட்டோம்.

சங்கு இன்னும் ஊதவில்லை. இன்னும் நீங்கள்தான் அலுவலர். தேநீர் ஆறினால் ஆறட்டும். மண்வெட்டிகள் வாசலில் தயார். முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள், சாருக்கு வழி விடுங்கள்.

சங்கு ஊதும் வரை உங்களுக்குக் கீழும்
ஊதிய பின்னும் உங்கள் பக்கமும் நிற்கும்
உருக்காலைப் பணியாளர்கள்