இரண்டு மில்லிமீட்டர்

கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும். ஆகவே பொன்முடி பஸ்ஸில் எப்போதும் முன் இருக்கைதான். போன மே மாதம் மூன்று தடவையும் கண்டக்டர்தான் இடம் பிடித்துத் தந்தார். நல்ல மனிதர். அவரை இந்த விசாரணையில் இழுக்காதீர்கள்.

உங்கள் குழுவில் விலங்கியல் படிக்காதவர்களும் இருப்பதால் என் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறவுள்ள தவளை இனங்களுக்கு ஒரு வம்சமரம் போடுவோம். எந்தக் கிளை எப்போது பிரிந்தது, பிரிந்தபின் உடல் நீளம் எவ்வளவு மாறியது என்று பார்த்தால் மாற்றத்தின் வேகம் கிடைக்கும். பொன்முடியில் ஒரே ஒரு ஓடைக்கரையில் மட்டும் வாழும் ஒரு சிறு தவளை, தன் உறவினங்களைவிடப் பத்து மடங்கு வேகமாகக் குறுகியது என்று கண்டுபிடித்தவன் நான். மற்றவை இருபத்தாறு மில்லிமீட்டர், இது இருபத்துநான்கு. எனக்குப் பதவியும் பெயரும் கிடைத்தது அந்த இரண்டு மில்லிமீட்டரால்தான்.

என் ஆய்வு மாணவி ஷிஜா பிப்ரவரியில் வந்து நின்றாள்.

"சார், நம்ம பொன்முடித் தவளை எல்லாம் ஸ்பிரிட் குப்பியில உள்ளதாக்கும். மத்ததெல்லாம் உயிரோட அளந்தது. போன மழைக்கு நான் பொன்முடியில உயிரோட மூணெண்ணத்த அளந்தேன். இருபத்தாறுதான் வருது கேட்டோ."

அவள் சொன்னது சரி. ஸ்பிரிட்டில் கிடந்தால் தவளை சுருங்கும், உப்பில் போட்ட நார்த்தங்காய் மாதிரி. முதல் வருடப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தோன்றாமல் போயிற்று. அவமானமாக இருந்தது. மூன்று போதாது, மழை தொடங்கித் தவளைகள் ஓடைக்கு வரும்போது முழுதாக அளந்து உன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள் என்றேன். சந்தோஷமாகப் போனாள்.

மழை மே கடைசியிலேயே பிடித்துக்கொண்டது. ஷிஜா அக்காள் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் எஸ்டேட் தொழிலாளர் லயத்து மாடம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். சத்தத்தை வைத்தே தவளை இருக்கும் இலையைக் காட்டிவிடுவார். இரண்டு மாலைகளில் அறுபத்தொன்று கிடைத்தன. இலையடியில் முட்டைகளும் இருந்தன. அவற்றில் அளக்க ஒன்றுமில்லை, ஆனாலும் எடுத்தேன். வளர்ந்தால் யாராவது அளப்பார்கள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் இங்க எது சார் கத்தும்?" என்று மாடம்மாள் கேட்டார்.

ஆராய்ச்சிக்கு என்றேன். மூன்றாம் தடவை சும்மா கேட்டுப் பார்க்கத்தான் போனேன். மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது. திரும்பும் வழியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஷிஜா ஜூன் முழுக்க அந்தக் கரையில் நனைந்து திரிந்தாள். பிறகு என் மேசைமுன் உட்கார்ந்து அழுதாள். நான்கு வருட உழைப்பு போயிற்றே என்றாள். அந்த அறுபத்தொன்றும் ஸ்பிரிட்டில் கிடந்த புதுக் குப்பிகளை எடுத்து வைத்து, "இதை அளந்து எழுதும்மா" என்றேன். அவள் கையாலேயே இருபத்துநான்கு வந்தது. குப்பிச் சீட்டில் தேதி இருந்தது, அதைப் பார்த்துத்தான் உங்களுக்குப் புகார் எழுதினாள். தேதியை நான் மறைக்கவில்லை.

அந்த இனம் வேறெங்காவது மிச்சம் இருக்குமா என்று கேட்டீர்கள். இருக்காது. ஐந்து வருடம் தேடி, வேறெங்கும் இல்லை என்று எழுதியவனே நான்தான். எல்லாவற்றையும் எடுத்ததும் நான்தான், கடைசி முட்டை வரை, தெரிந்தேதான் எடுத்தேன்.

ஆனால் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வருடத்தில் ஒரு அளவைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை.