ராவாங்கிலிருந்து திரும்பி வந்தவர்

"அண்ணே, பாத யாத்திரை போறவங்க ட்ரெயின்ல வரலாமா?"

ராவாங்கில் நான் ஏறிய கொமுட்டர் ரயிலில் எதிர் சீட்டு அம்மாள், பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டார். ஜன்னலைத் திறந்து காற்று வாங்கிய காலத்திலிருந்து நான் இந்தத் தடத்தில் போகிறேன். இப்படி ஒரு கேள்வி காதில் விழுந்ததில்லை. மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, வெறுங்காலில் துணிக்கட்டு. அந்த மனிதர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"பினாங்கு முருகனுக்கு நடக்கிறோம்க்கா. பிரிக்பீல்ட்ஸ்ல கிளம்பி ரெண்டு நாள்தான் ஆச்சு. நேத்து சுங்கை பூலோல பேய் மழை. எல்லாரையும் கூட வர்ற தண்ணி லோரில ஏத்தி ராவாங்ல இறக்கிட்டாங்க."

"மழைக்கு ஏறினதுக்கு சாமி கோவிக்காது லா."

"சாமி ஒண்ணும் சொல்லல. வைஃப்தான். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஹார்ட் ஆபரேஷன், அவளுக்காகத்தான் நடக்கிறேன். போன்ல லோரி கதையைச் சொன்னேன். 'விட்ட இடத்துக்குப் போய் நடந்துட்டு வாங்க'ன்னுட்டா. அதான் சுங்கை பூலோவுக்குத் திரும்பிப் போறேன்."

"நடந்துட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"இருபத்தெட்டு வருஷமா என் குரலைக் கேக்குறாக்கா. கண்டுபிடிச்சிடுவா."

 அம்மாள் பக்கத்து சீட்டிலிருந்த பையை மடிக்கு மாற்றினார்.

"அப்ப உட்காருங்கண்ணே. ட்ரெயின்ல நிக்கிறது நடந்ததுல சேராது."